பேணுநர் வரி

இலக்கிய அன்பர்கள் கூடும் பக்கத்தில் இயங்குதளத்தையும் பொதிகளையும் பற்றி எழுதுவது சிலருக்கு ஒவ்வாமற் போகலாம். எங்களுக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. ஆனால் இந்த இரண்டாண்டுகளில் எங்களுக்குள் நடந்த வாதங்களில் பாதி இதைச் சுற்றியே நடந்தன. அவை போய் முடிந்த இடமோ ‘கெளவி’ என்னும் ஒற்றைச் சொல். எனவே இதனை இங்கு எழுதுவதே முறை என்று பட்டது.

நாங்கள் நால்வர். நின்றுபோன சிற்றிதழ்களின் கணினி அச்சுக்கோப்புகளைத் தேடிச் சேர்ப்பது எங்கள் வேலை. வேலை என்பதைவிட ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் என்பது பொருந்தும். தொண்ணூறுகளின் நடுவிலிருந்தே சிறு அச்சகங்களிலும் கணினி அச்சுக்கோப்பு வந்துவிட்டது. இதழ்கள் நின்றன, அச்சகங்கள் கைமாறின, கோப்புகள் மட்டும் நெகிழ்வட்டுகளிலும் குறுந்தகடுகளிலும் யாருடைய அலமாரியிலோ கிடந்தன. அப்படிக் கிடைத்தவற்றையெல்லாம் உறையூரில் எங்களில் ஒருவர் வீட்டு மாடியறையில் உள்ள கணினியில் சேர்த்து வைத்திருக்கிறோம். அக்கணினி 2007 முதல் ஃப்ரீபிஎஸ்டி என்னும் இயங்குதளத்தில் ஓடுகிறது. இடையில் இருமுறை இயந்திரம் மாறியது, தளம் மாறவில்லை. அதை எங்களுக்கு அறிமுகப்படுத்தி, நிறுவித் தந்து, பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் நிரலையும் எழுதித் தந்த நண்பர் 2016-இல் காலமானார். அவர் இருந்தவரை நாங்கள் ஐவர்.

ஃப்ரீபிஎஸ்டி கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த யூனிக்ஸ் மரபின் வழித்தோன்றல். 1993-இல் அப்பெயரோடு தொடங்கியது. லினக்ஸைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதப்பட்டுவிட்டது; இதைப் பற்றி அவ்வளவு இல்லை. இரண்டுக்குமான முதன்மையான வேறுபாடு ஒன்றை மட்டும் சொல்லி நகர்கிறோம். லினக்ஸில் கெர்னலை ஒரு கூட்டத்தார் எழுத, பிற கருவிகளைப் பிறர் எழுத, வழங்கல்காரர்கள் யாவற்றையும் பொதிகளாக்கித் தொகுத்துத் தருகிறார்கள். ஃப்ரீபிஎஸ்டியில் கெர்னலும் அன்றாடக் கருவிகளும் ஒரே மூலநிரல் மரத்தில் ஒரே திட்டத்தாரால் பேணப்பட்டு ‘அடித்தளம்’ என்று ஒன்றாக வெளிவருகின்றன. வெளியிலிருந்து நாம் சேர்த்துக்கொள்ளும் எதுவும், உலாவியோ பைத்தானோ, ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்’ என்ற அடைவுக்குள்தான் போய் அமரும். வீடு வேறு, தட்டுமுட்டுச் சாமான்கள் வேறு. சாமான்கள் அத்தனையையும் தெருவில் எடுத்து வைத்துவிட்டாலும் வீடு வீடாகவே நிற்கும். மேம்படுத்தும் வேலையும் அவ்வாறே இரண்டாகப் பிரிகிறது: வீட்டைப் புதுப்பிப்பது ஒன்று, சாமான்களைப் புதுப்பிப்பது மற்றொன்று.

சாமான்களுக்கான ஏற்பாட்டின் பெயர் போர்ட்ஸ். ஜோர்டன் ஹப்பர்ட் என்பவர் 1994 ஆகஸ்டில் அதன் அடிப்படையை இட்டார். இன்று முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மென்பொருள்கள் அதிலுண்டு. போர்ட் என்றவுடன் துறைமுகம் நினைவுக்கு வரும். இங்கே அச்சொல் பெயர்த்தல் என்ற பொருளில் வருகிறது. எங்கோ எவராலோ வேறொரு தளத்துக்கென எழுதப்பட்ட நிரலை இத்தளத்துக்குப் பெயர்த்துக் கொணர்வது. மொழிபெயர்ப்பாளர்கள் இவ்வுவமையைக் கண்டு மகிழலாம், மகிழ்ந்துவிட்டு ஊதியத்தைப் பற்றியும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். இரு தரப்பாருக்கும் பெரும்பாலும் ஒன்றும் கிடைப்பதில்லை.

ஒரு போர்ட்டைத் திறந்து பார்த்தால் மென்பொருள் அதனுள் இராது. அதைச் சமைக்கும் குறிப்பே இருக்கும். ‘மேக்ஃபைல்’ என்ற கோப்பில் மென்பொருளின் பெயர், பதிப்பெண், மூலநிரலை எங்கிருந்து பெறுவது, வேறெவற்றைச் சார்ந்திருக்கிறது என்ற விவரங்கள். ‘டிஸ்ட்இன்ஃபோ’ என்ற கோப்பில் அம்மூலநிரலின் அளவும் கைரேகை போன்றதொரு நீண்ட எண்ணும். இறங்கிய கோப்பில் ஒரு பைட் மாறியிருந்தாலும் கைரேகை ஒவ்வாது, வேலை அங்கேயே நின்றுவிடும். இன்னொரு கோப்பில் இம்மென்பொருள் எதற்கு என்று சில வரிகளில் ஒரு விவரிப்பு. மற்றொன்றில், நிறுவியபின் எந்தெந்தக் கோப்புகள் எங்கெங்கே போய் அமரும் என்ற பட்டியல். ‘ஃபைல்ஸ்’ என்ற உள்ளடைவு இருந்தால் அதில் திருத்த ஒட்டுகள் இருக்கும்: மூல ஆசிரியர் லினக்ஸை மனத்திற்கொண்டு எழுதிய வரியை நீக்கி, இத்தளத்துக்கு ஏற்ற வரியை இடும் சிறு துண்டுகள். ஆசிரியரின் பிரதியைத் தொடாமல், திருத்தத்தைத் தனியே வைத்து, எவர் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி விட்டிருக்கும் இந்த ஒழுங்கைக் கண்டபோது, பதிப்புகளில் பாடபேதம் குறிக்காமலே பாடத்தைத் திருத்திவிடும் நம்மவர் சிலரை நினைத்துக்கொண்டோம். பெயர் வேண்டாம்.

குறிப்பை வைத்துச் சமைப்பதென்றால் ‘மேக் இன்ஸ்டால்’ என்று ஆணையிட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். சிறு நிரல் என்றால் சில நிமிடம். ஓப்பன்ஆபீஸ் என்றால் எங்கள் பழைய இயந்திரத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் போதவில்லை. 2008-க்குப் பிந்தைய மின்வெட்டு ஆண்டுகளில் உறையூரில் இதைச் செய்வது ஒரு நோன்பு போன்றது. மின்கலம் தாங்கும் நேரத்துக்குள் கணினியை முறையாக அணைக்க வேண்டும். மின்சாரம் வந்ததும் ஆணையைத் திரும்ப இட்டால், முன்பே தொகுத்த பகுதிகளை விட்டுவிட்டு மிச்சத்திலிருந்து தொடரும். நண்பர் இதற்கென்றே அறையில் பாய் ஒன்று வைத்திருந்தார்.

நிறுவுவது எளிது, நிறுவியதை மேம்படுத்துவதில்தான் தொல்லை. ஒரு மென்பொருள் தனியே நிற்பதில்லை. அது பத்து நூலகங்களைச் சார்ந்திருக்கும், அவை ஒவ்வொன்றும் வேறு சிலவற்றைச் சார்ந்திருக்கும். ஒரு நூலகத்தின் அமைப்பு மாறும்போது அதன் பெயரின் இறுதியிலுள்ள எண்ணைக் கூட்டிவிடுவார்கள். பழைய எண்ணைத் தேடும் நிரல்கள் எல்லாம் அன்றே முடங்கும், எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டும். 2010-இல் கெட்டெக்ஸ்ட் என்ற நூலகத்தின் எண் எட்டிலிருந்து ஒன்பதானது. நிரல்கள் காட்டும் செய்திகளைப் பிற மொழிகளில் காட்ட உதவும் சிறு நூலகம் அது. இருப்பதே பலருக்குத் தெரியாது. ஆனால் கணினியில் பாதி நிரல்கள் அதைத் தொட்டுக்கொண்டிருந்தன. குடும்பத்தில் யாரும் கவனிக்காத ஓர் அத்தை இல்லாமற் போனபின்தான் வீடு அவர் கையால் நடந்தது தெரிவதுபோல.

இத்தகைய நாட்களுக்கென்றே போர்ட்ஸ் மரத்தின் உச்சியில் ‘அப்டேட்டிங்’ என்றொரு கோப்பு இருக்கிறது. எங்களை இத்தளத்தோடு கட்டிப்போட்டது அக்கோப்பே எனலாம். ஒவ்வொரு பதிவும் ஒரே வடிவில் இருக்கும்: முதலில் தேதி, அடுத்து இது யாரைப் பாதிக்கும் என்ற வரி, பின் எழுதியவர் முகவரி, பின் என்ன நேர்ந்தது, என்ன செய்ய வேண்டும். புதியது மேலே, பழையது கீழே. ‘யாரைப் பாதிக்கும்’ என்ற வரியில் உங்கள் மென்பொருள் இல்லையெனில் நீங்கள் அப்பதிவைத் தாண்டிப் போகலாம். நாங்கள் நிறுவிய சில மாதங்களில், 2007 மே மாதம், எக்ஸ்.ஆர்க் என்னும் வரைகலைத் தொகுதியின் 7.2 பதிப்பு வந்தது. அதுவரை தனக்கெனத் தனி அடைவில் குடியிருந்த அத்தொகுதி அப்போது ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்’ வீட்டுக்குள் கூட்டுக்குடித்தனம் புகுந்தது. ஆயிரக்கணக்கான கோப்புகள் இடம்பெயர வேண்டும். அதற்கான பதிவு நீளமானது. எதை முதலில் செய்வது, எந்தச் செய்தி வந்தால் பொருட்படுத்தாமல் விடுவது, எங்கே நின்று யோசிப்பது என்று நிதானமாகச் சொல்லிச் செல்லும். அதை நண்பர் உரக்கப் படிக்க, ஒருவர் தட்டச்சிட, மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அறியாத வாசகனுக்கு, அவனுடைய கணினியைப் பார்க்காமலே, அவன் எங்கே திகைப்பான் என்று முன்கூட்டி உணர்ந்து எழுதப்பட்ட உரைநடை. இலக்கியத்தில் இக்குணம் அரிதாகிவருவதாக எங்களில் மூத்தவர் அடிக்கடி சொல்வார்; அவருக்கு இலக்கியத்தின் மேல் பொதுவாகவே குறை உண்டு.

பின்னர் காலம் மாறியது. 2012-இல் ‘பிகேஜி’ என்னும் புதிய கருவி வந்தது. 2014 ஜனவரியில் வெளியான 10.0 பதிப்பு முதல் அதுவே வழக்கமாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரோடு பழைய கருவிகளுக்கு விடைகொடுத்தார்கள். முன்பும் ஆயத்தப் பொதிகள் உண்டு, ஆனால் அவற்றை நம்பி மேம்படுத்துவது கடினம். புதிய கருவி, நிறுவியவை யாவற்றையும் ஒரு தரவுத்தளத்தில் குறித்து வைத்து, எது எதைச் சார்ந்தது என்று கணக்கிட்டு, ‘பிகேஜி அப்கிரேட்’ என்ற ஒரே ஆணையில் வேலையை முடிக்கிறது. ஒரு பகலும் இரவும் எடுத்தது காப்பி ஆறுவதற்குள் முடிகிறது. சமைப்பதை விட்டுவிட்டு மெஸ் சாப்பாட்டுக்கு மாறியதுபோல என்று நண்பர் சொன்னார். மாறவும் செய்தார், ஆனாலும் கட்டிய பொதியை இறக்கும் முன் அதன் மேக்ஃபைலை ஒருமுறை படித்துவிடும் பழக்கத்தை அவர் விடவில்லை.

அப்பழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. 2012 நவம்பர் 17 அன்று ஃப்ரீபிஎஸ்டி திட்டத்தார் ஓர் அறிவிப்பை வெளியிட்டார்கள். வெளிப் பொதிகளைக் கட்டும் கணினித் தொகுதியில் இரு இயந்திரங்களுக்குள் அயலார் நுழைந்திருந்ததை 11-ஆம் தேதி கண்டறிந்ததாக அது கூறியது. தளத்தில் ஓட்டை ஏதும் இல்லை. உரிமையுள்ள நிரலாளர் ஒருவரின் சாவி திருடுபோயிருந்தது. அடித்தள மூலநிரல் தொடப்படவில்லை என்றார்கள். பொதிகள் மாற்றப்பட்டதற்கும் சான்று கிடைக்கவில்லை. ஆயினும், செப்டம்பர் 19-க்கும் நவம்பர் 11-க்கும் இடைப்பட்ட காலத்தில் இறக்கிய பொதிகள் மாசற்றவை என்று எங்களால் உறுதி கூற முடியாது, கணினியைப் புதிதாக நிறுவிக்கொள்வதைப் பரிசீலியுங்கள் என்று வெளிப்படையாக எழுதினார்கள். வெளிவரவிருந்த 9.1 பதிப்புக்கென ஏற்றி வைத்திருந்த பொதிகளையும் நீக்கினார்கள். தவறு நடந்ததற்குச் சான்றில்லாத இடத்தில் ‘சான்றில்லை, ஆகவே கவலை வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்லவில்லை. எங்களைப் பொறுத்தவரை, ஒரு தளத்தை நம்பலாமா என்று முடிவுசெய்ய அவ்வறிவிப்பு ஒன்றே போதுமானதாக இருந்தது.

இனித் தலைப்புக்கு வருகிறோம். ஒவ்வொரு மேக்ஃபைலிலும் ‘மெய்ன்டெய்னர்’ என்று ஒரு வரி இருக்கும். பேணுநர் வரி என்று நாங்கள் அழைப்போம். இந்தப் போர்ட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவர் தன் மின்னஞ்சல் முகவரியை அங்கே இடுகிறார். மூல ஆசிரியர் புதிய பதிப்பு வெளியிட்டால் குறிப்பைத் திருத்துவது, உடைந்தால் ஒட்டுப் போடுவது, எவனோ ஒருவன் எங்கிருந்தோ கேட்கும் கேள்விக்குப் பதில் எழுதுவது அவர் பொறுப்பு. அவரால் முடியாமற்போனாலோ அவர் பதிலே தராமற்போனாலோ, அவ்வரியில் திட்டத்தின் பொது முகவரி ஒன்றை இட்டுவிடுவார்கள். எல்லோருடையதும் என்று பொருள். நடைமுறையில் எவருடையதும் அல்ல என்று பொருள். அதன்பின் அது உடைந்தால், அல்லது மூல ஆசிரியரே கைவிட்டுவிட்டால், ‘வழக்கொழிகிறது’ என்று ஒரு வரியும் ‘இன்ன தேதியில் நீக்கப்படும்’ என்று ஒரு வரியும் சேரும். தேதி கடந்ததும் அடைவே போய்விடும். போனதற்குச் சாட்சியாக ‘மூவ்டு’ என்ற கோப்பில் ஒரு வரி மட்டும் மிஞ்சும்: பழைய பெயர், புதிய பெயர் இருந்தால் அது, தேதி, காரணம். ஆண்டு முப்பது தாண்டிய தளத்தில் அக்கோப்பு எவ்வளவு நீளும் என்று ஊகித்துக்கொள்ளலாம். ஊர்க்கோடியில் வரிசையாக நிற்கும் நடுகற்களைப் போல அதை நாங்கள் சில சமயம் வெறுமனே படிப்பதுண்டு. ஒரு காலத்தில் நாள்தோறும் பயன்படுத்திய நிரலின் பெயர் கண்ணில் படும்.

பேணுநரைப் பற்றி இவ்வளவு சொல்வதற்கு 2024 மார்ச் இறுதியில் வெளிப்பட்ட எக்ஸ்இஸட் விவகாரமும் காரணம். கோப்புகளைச் சுருக்கும் அந்நிரலை நெடுங்காலம் தனியொருவராகப் பேணிவந்தவர் களைத்திருந்த வேளையில், உதவிக்கு வந்த ஒருவர் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக வேலைசெய்து நம்பிக்கை பெற்று, பின் அதற்குள் களவுவாசல் ஒன்றை வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தம் கணினியில் நுழைவு அரை வினாடி தாமதிப்பதைக் கண்டு தோண்டிப் பார்த்ததால் அது அம்பலமாயிற்று. ஃப்ரீபிஎஸ்டி அதனால் பாதிக்கப்படவில்லை. ஆயினும் பேணுநர் வரியில் இருக்கும் ஒற்றைப் பெயரின் மேல் எவ்வளவு பாரம் இருக்கிறது என்று அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

எங்கள் சிக்கல் அவ்வளவு பெரிதன்று. 2023 டிசம்பர் 31-ஓடு நாங்கள் வைத்திருந்த 12-ஆம் பதிப்புக்கு ஆதரவு முடிந்தது. அதன்பின் பாதுகாப்புத் திருத்தங்கள் வாரா. 14-க்குப் போயாக வேண்டும். தடையாக நின்றது நண்பர் எழுதிய எழுத்துருமாற்றி. அது பைத்தான் 2-இல் எழுதப்பட்டது. பைத்தான் 2-க்கு 2020 ஜனவரி 1-ஓடு ஆயுள் முடிந்துவிட்டது. அதைச் சார்ந்த போர்ட்டுகள் பலவும் அதையொட்டி நீக்கப்பட்டன. பழைய ஆவணக் கோப்புகளைப் பிரித்துப் படிக்க மாற்றி நம்பியிருந்த ஒரு சிறு பொதியும் அவற்றில் ஒன்று. ‘மூவ்டு’ கோப்பில் அதன் வரியைத் தேடிக் கண்டுபிடித்தோம்.

பைத்தான் 3-க்கு மாற்றி எழுதிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். அங்கேதான் மொழி குறுக்கிடுகிறது. பைத்தான் 2-இல் சரம் என்பது பைட்டுகளின் வரிசை. அச்சகங்களின் எழுத்துருக்களும் ஒரு பைட்டுக்கு ஒரு வடிவம் என்ற கணக்கில் அமைந்தவை. எனவே இரண்டும் இயல்பாகப் பொருந்தின. பைத்தான் 3 பைட்டு வேறு, எழுத்து வேறு என்று கறாராகப் பிரிக்கிறது. சரியான பிரிவினைதான். ஆனால் ஒவ்வொரு வரியையும் மறுபடி யோசிக்க வேண்டும். தவிர, அந்நாளைய கோப்புகள் தமிழைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைத்திருப்பவை. ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, அடுத்து க, பின் கால். ஒருங்குறியோ உச்சரிப்பு வரிசையில் வைக்கும்: முதலில் க, பின் உயிர்க்குறி. ஆகவே கொம்பைப் பெயர்த்துப் பின்னால் கொணர்ந்து காலோடு இணைக்க வேண்டும். இதுவும் கடினமன்று; தமிழில் எத்தனையோ மாற்றிகள் இதைச் செய்கின்றன.

கடினமானது ஔகாரம். தட்டச்சுப் பலகையின் வழிவந்த பல அச்சக எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் பின்பகுதிக்கெனத் தனி இடம் கிடையாது; ளகரத்தையே போட்டுவிடுவார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்று. கொம்பு, ம, ள என்று கோப்பில் இருந்தால் அது ‘மௌ’ ஆகவும் இருக்கலாம், ‘மெள’ ஆகவும் இருக்கலாம். ளகரத்தின் மேல் புள்ளியோ அதை ஒட்டி வேறு குறியோ இருந்தால் ஐயமில்லை. வெறும் ளகரமாக இருந்தால்? எழுத்துவழக்குத் தமிழில் வெறும் ளகரம் அந்த இடத்தில் அரிது என்பதால் மாற்றிகள் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு ஔகாரம் ஆக்கிவிடும். ‘மௌனம்’ சரியாக வரும், ‘சௌகரியம்’ சரியாக வரும். ஆனால் எங்களிடமிருப்பவை சிற்றிதழ்கள். அவற்றில் பாதி வட்டார வழக்குக் கதைகள். அங்கே ஆட்கள் ‘கெளம்பு’வார்கள், ‘வெளக்கு’ ஏற்றுவார்கள், ‘வெளயாடு’வார்கள், குழம்பில் ‘மெளகா’ போடுவார்கள். கண்ணை மூடிய மாற்றி இவற்றையெல்லாம் ‘கௌம்பு’, ‘வௌக்கு’ என்று ஆக்கி, கதையில் வரும் கிழவனை வடமொழிப் புலவனாக்கிவிடும்.

நண்பர் நிரலில் இதற்கென ஒரு பட்டியல் இருந்தது. சில நூறு சொற்கள். ஒவ்வொன்றையும் அவர் கதைகளைப் படித்து, பேச்சு கேட்டு, ஆளைக் கேட்டுச் சேர்த்திருந்தார். பக்கத்தில் குறிப்புகள்: இந்த அச்சகக் கோப்புகளில் மட்டும், இந்த எழுத்தாளரிடம் மட்டும், இது பிழையன்று கோவில்பட்டிப் பக்கத்து உச்சரிப்பு. பட்டியலைப் புதிய நிரலுக்கு நகலெடுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னும் பின்னும் நிரல் என்ன செய்தது, எந்த வரிசையில் செய்தது என்பதெல்லாம் அவருடைய நூற்றுக்கணக்கான சிறு முடிவுகளால் ஆனது. புதிதாக எழுதியது அதே விளைவைத் தருகிறதா என்று சோதிக்க, பழையது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பழையது ஓட, பழைய தளம் வேண்டும்.

மூத்தவர் மேம்படுத்தவே வேண்டாம் என்றார். வலையிலிருந்து கழற்றி வைத்துவிடலாம், ஓடும்வரை ஓடட்டும். இன்னொருவர், எல்லாக் கோப்புகளையும் ஒரேயடியாக மாற்றி முடித்துவிட்டு நிரலுக்கு விடைகொடுத்துவிடலாம் என்றார். ஆனால் கோப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. யாரோ ஒருவர் வீடு காலிசெய்யும்போது ஒரு டப்பா குறுந்தகடு கிடைக்கிறது. வாதம் சில வாரங்கள் நீண்டது. நடுவில் ஒரு ஞாயிறு மூத்தவர் வரவில்லை. எங்களில் இளையவர், பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துபவர், அவர் வீட்டுக்கே போய், “சார், பழசை அழிக்க வேண்டாம். அப்படியே வைத்துக்கொண்டு புதுசுக்குப் போக வழி இருக்கு,” என்றார். “வழி இருந்தா செய்யம்மா. எனக்குப் புரியுற மாதிரி சொல்லிட்டுச் செய்,” என்றாராம் இவர்.

வழி இத்தளத்திலேயே நெடுங்காலமாக இருக்கிறது. 2000-இல் வந்த 4.0 பதிப்பு முதல் ‘ஜெயில்’ என்ற ஏற்பாடு உண்டு. கணினிக்குள் ஒரு மூலையை வேலியிட்டு, அதற்குள் தனியொரு தளம் இருப்பதுபோல நடத்துவது. கெர்னல் மட்டும் பொது. புதிய கெர்னல் பழைய பதிப்புகளின் நிரல்களையும் ஓட்டும்படி இணக்கத்தோடு கட்டப்படுவதால், 14-இன் கெர்னல்மேல், சிறைக்குள் 12-ஆம் பதிப்பின் அடித்தளம் தன் பழைய பொதிகளோடு வாழ முடியும்.

2024 பிப்ரவரியில் செய்தோம். எங்கள் வட்டு இஸட்எஃப்எஸ் கோப்பமைப்பில் இருப்பதால் முதலில் ‘பெக்டிஎல்’ கருவியால் அன்றைய நிலையை அப்படியே ஒரு துவக்கச்சூழலாகப் பெயரிட்டு நிறுத்தினோம். எது தவறினாலும் கணினியை மறுபடி தொடக்கி அதைத் தேர்ந்தால் பழைய வீடு திரும்பக் கிடைக்கும். பின் ‘ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட்’ கொண்டு 12-இலிருந்து 13, 13-இலிருந்து 14 என இரு படிகளாகப் போனோம். ஒவ்வொரு படியிலும் நிறுவும் ஆணை மூன்று முறை இடவேண்டும்: முதல் முறை கெர்னல், கணினியை மீண்டும் தொடக்கியபின் இரண்டாம் முறை கருவிகள், பிறகு பொதிகளையெல்லாம் புதுப்பித்துவிட்டு மூன்றாம் முறை இட்டால்தான் பழைய நூலகங்களை அகற்றும். நாம் கைவைத்து மாற்றிய அமைப்புக் கோப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகக் காட்டி, உங்கள் வரியா எங்கள் வரியா என்று கேட்கும். நண்பர் 2009-இல் ஒரு கோப்பில் இட்ட குறிப்பு ஒன்று அவ்வாறு எதிர்ப்பட்டது. “இதை ஏன் மாற்றினேன் என்று மறந்தால் சுகமாய்த் தூங்கலாம், மாற்றாதே,” என்றிருந்தது. மாற்றவில்லை. இஸட்எஃப்எஸ் தொகுதியின் வடிவத்தை மேம்படுத்தலாம் என்று தளம் நினைவூட்டிக்கொண்டிருந்ததையும் அப்போதைக்குச் செய்யவில்லை. செய்தால் பழைய துவக்கச்சூழலால் அதைப் படிக்க இயலாமற்போகக்கூடும்.

நிறுத்தி வைத்த பழைய நிலையின் நகல் ஒன்றையே சிறைக்கு வேராக வைத்தோம். அடித்தளமும் ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்’ உள்ளிட்ட சாமான்களும் ஒரே தொகுதியில் இருந்ததால் பைத்தான் 2 தன் நீக்கப்பட்ட சொந்தங்களோடு அப்படியே குடிபுகுந்தது. சிறைக்கு வலைத்தொடர்பு இல்லை. ஓர் அடைவு வழியாகப் பழைய கோப்பு உள்ளே போகும், மற்றோர் அடைவு வழியாக ஒருங்குறிக் கோப்பு வெளியே வரும். பாதுகாப்புத் திருத்தம் வராத தளத்துக்கு இந்த அளவு சுதந்திரமே தக்கது.

2025 டிசம்பரில் வந்த 15.0 பதிப்பில் அடித்தளத்தையே பொதிகளாகப் பிரித்து, ‘பிகேஜி’ கொண்டே மேம்படுத்தும் முறையை நிறுவும்போது தேர்ந்துகொள்ளலாம் என்று ஆக்கியிருக்கிறார்கள். வீட்டின் சுவரும் சாமான் கணக்கில் சேர்கிறது. வசதிதான், மறுக்கவில்லை. எங்களுக்கு அவசரமில்லை, 14-க்கு 2028 நவம்பர் வரை ஆதரவு உண்டு.

இளையவர் பைத்தான் 3-இல் எழுதத் தொடங்கி ஓராண்டுக்கு மேலாயிற்று. இரவில் ஒரே கோப்பைச் சிறைக்குள்ளும் வெளியிலும் ஓட்டி, விளைவுகளை ஒப்பிட்டு, வேறுபடும் வரிகளைப் பட்டியலாக எடுப்பார். தொடக்கத்தில் வரிக்கு வரி வேறுபாடு. படிப்படியாகக் குறைந்தது. புதியதை எங்கள் கணினிக்கென ஒரு போர்ட்டாகவே எழுதினார்: மேக்ஃபைல், கைரேகை, விவரிப்பு எல்லாம் முறைப்படி. பேணுநர் வரியில் யார் பெயர் என்று கேள்வி வந்தது. நண்பரின் பெயர்தான் என்றார் மூத்தவர். “அவர் பெயர் ஆசிரியர் என்ற இடத்தில் இருக்கு சார். இது கடிதம் வந்தா பதில் போடுறவங்க பெயர்,” என்றார் இளையவர். மூத்தவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு முகவரியில் எழுத்துப்பிழை இல்லாமல் பார்த்துக்கொள் என்றார்.

மிஞ்சியது ‘கெளவி’. கொம்பு, க, ள, வி. நாய் எலும்பைக் ‘கௌவி’க்கொண்டு ஓடலாம். தென்பக்கத்துப் பேச்சில் கிழவி ‘கெளவி’ ஆவாள். கோப்பில் இரண்டும் ஒரே பைட்டுகள். நண்பரின் நிரலில் அச்சொல்லுக்கு நேரே விதி ஏதும் இல்லை. நிரல் அங்கே நின்று ஒரு குறியிட்டுவிட்டுப் போகும். பக்கத்தில் “படித்துப் பார்” என்று மட்டும் குறிப்பு. புதிய நிரலும் அப்படியே செய்யட்டும் என்று முடிவுசெய்தோம். அவ்வாறு குறியிட்ட இடங்களை ஞாயிறுதோறும் நால்வரும் உட்கார்ந்து படிக்கிறோம். இன்னும் பதினோரு இடங்கள் பாக்கி. அவற்றுள் மூன்று கதைகளில் நாயும் வருகிறது, கிழவியும் வருகிறாள்.